நனையாத கமரா

என் அத்தானுக்கு நான் கை கொடுக்கவில்லை.

அவர் கேட்டார். என் முகத்தைப் பார்த்து, கையை நீட்டி, வாய்விட்டுக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. என் இரண்டு கைகளிலும் ஒரு கமராப் பை இருந்தது. அதைத் தண்ணீரில் விட எனக்கு மனம் வரவில்லை. அவரை விட்டேன்.

சொல்லவேண்டியது இவ்வளவுதான். இனி எழுதப்போவதெல்லாம் இந்தச் சில வரிகளின் விரிவு. நியாயம் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

ஊரில் எவரைக் கேட்டாலும் உங்களுக்கு வேறு கதைதான் கிடைக்கும். சுதன் கடைசிவரைக்கும் அத்தானின் கையை விடவில்லை, வெள்ளம்தான் பிரித்தது என்பார்கள். சுதன் நான்தான். அந்தக் கதையைச் சொன்னவனும் நான். அதை நம்பாதவர் எவரும் இல்லை. என் அக்கா அதை நம்பித்தான் இன்றுவரை சோறு உண்கிறாள்.

உங்களுக்கு என் அக்காவைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

என் மேசையில் இரண்டு கமராக்கள் இருக்கின்றன. ஒன்று பெரியது, பழையது. மற்றது உள்ளங்கைக்குள் அடங்குவது, புதியது. நீங்கள் கமரா வாங்க எண்ணி என்னிடம் வந்திருந்தால் இரண்டையும் பற்றி நெடுநேரம் கதைப்பேன். பத்து வருடத்திற்கு மேலாகப் படமெடுத்துப் பிழைக்கிறவன் நான். கலியாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள், கோயில் திருவிழா... கிளிநொச்சிப் பக்கத்தில் என் அல்பம் இல்லாத வீடுகள் குறைவு. ஆனால் எந்தக் கமரா நல்லது என்று ஒருவர் கேட்கும்போது எனக்குள் என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

பெரியதில் இருந்து தொடங்குகிறேன்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த காலத்தில் நான் உருத்திரபுரத்தில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்கா, அத்தான், அவர்களுடைய ஒரே பிள்ளை தர்சிகா. அத்தானின் பெயர் குணரத்தினம். வயல் செய்தார். கடைசிச் சண்டையில் இடது முழங்காலில் பட்ட காயத்தால் அந்தக் கால் முழுதாக மடங்காது. வரம்பில் நடக்கும்போது ஒரு பக்கம் சரிந்து சரிந்துதான் நடப்பார். நான் மேசன்மாருக்குக் கையாளாகப் போய்வந்தேன். போகாத நாட்களில் சும்மா கிடந்தேன். சும்மா கிடந்தவனை அவர் ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை.

அவருடைய தம்பி வெளிநாட்டில் இருக்கிறார். ஒருமுறை ஊருக்கு வந்தபோது, தான் பாவித்து விட்ட டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றை அண்ணனுக்கென்று கொண்டுவந்தார். அத்தான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வயல்வரை நடந்து பார்த்தார். திரும்பி வந்து, மாட்டுக்கு மணி கட்டினதுபோல இருக்கிறது என்று சிரித்தபடி கழற்றி என் கழுத்தில் போட்டார். அவ்வளவுதான். என் தொழில் அப்படித்தான் தொடங்கியது.

அந்த வகைக் கமராக்களில் அது ஆகக் கீழ்ப்படி. பழகுகிறவர்களுக்கென்று செய்தது. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். பிடியில் ஒட்டியிருந்த ரப்பர் ஒரு மூலையில் கிளம்பியிருந்தது. கூட வந்த லென்ஸும் சாதாரணமானது. ஆனாலும்... அந்தச் சின்னக் கண்ணாடித் துவாரத்தில் கண்ணை வைத்தால் உலகம் அப்படியே நேரில் தெரியும். விசையை அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழுந்து விழும் சத்தம் கேட்கும். மங்கல் வெளிச்சத்திலும் முகத்தை முகமாக எடுக்கும். மணப்பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் பந்தல்காலும் வாழைக்குலையும் கரைந்துபோக, அவள் மட்டும் தெளிவாக நிற்பாள். ஒரு பற்றரியில் முழுக் கலியாணமும் முடியும்.

அதற்கு ஒரேயொரு பகை. தண்ணீர்.

மழைக்காலம் வந்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் மூடி இறுகிய பெட்டிக்குள் வைத்திருப்பேன். சப்பாத்துப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சுவதற்கென்று சின்னப் பைக்கற்றுகள் போட்டிருப்பார்களே... அத்தான் எங்கே கண்டாலும் அவற்றைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். யாழ்ப்பாணத்திற்குப் போனாலும் சரி, புளியங்குளத்துச் சந்திக் கடைக்குப் போனாலும் சரி. வந்ததும் என் பெட்டிக்குள் போடுவார். அந்தக் கமராவை நனையவிடக்கூடாது என்பதை எனக்குப் பழக்கியவரே அவர்தான்.

அவரிடம் பழகியதை அவர்மீதே காட்டினேன்.

அது கார்த்திகை மாதம். பல நாட்களாக மழை விட்டபாடில்லை. எங்கள் வீட்டிலிருந்து வயல்வெளிகளுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் கலியாணம். முகூர்த்தத்தை மாற்ற முடியாது என்று பெண்வீட்டார் தறப்பாள் கட்டி நடத்தினார்கள். காலையில் நான் போனபோது பாதையில் கணுக்காலளவு தண்ணீர்தான் இருந்தது. குளம் நிரம்பிவிட்டது, மிஞ்சிய தண்ணீரை வெளியேற்ற வான் கதவுகளைத் திறக்கிறார்கள் என்ற கதை தாலி கட்டிய பிறகுதான் பந்தலுக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு உழவு மிசின் இழுக்கும் பெட்டியில் ஏறிப் போனார்கள். எனக்கும் இடம் வைத்துக் கூப்பிட்டார்கள். பெண்ணின் தகப்பன், சொந்தக்காரர்களோடு இன்னும் சில படங்கள் எடுத்துவிட்டுப் போகச்சொல்லிக் கேட்டார். நான் நின்றேன்.

நின்றதில் பிழையில்லை. என் பிழை அதற்குப் பிறகு.

படமெடுத்து முடித்துவிட்டுப் பார்த்தால், வீட்டு வாசல் படலையில் அத்தான் நிற்கிறார். சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார். கையில் ஒரு பூவரசந்தடி. தலையிலிருந்து தண்ணீர் வடிகிறது. என் போனுக்கு எடுத்துப் பார்த்தாராம், வேலை செய்யவில்லையாம். மோட்டார் சைக்கிளைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் மேட்டில் நிறுத்திவிட்டு, அந்தக் காலோடு, தாழ்ந்த பாலத்தைக் கடந்து என்னைத் தேடி வந்திருக்கிறார். பாதையின் ஓரம் எதுவென்று எனக்குத் தெரியாதாம். தனக்குத்தான் தெரியுமாம்.

நான் தறப்பாளுக்கு அடியில் நின்றபடி கமராவைத் தூக்கி அவரை ஒரு படம் எடுத்தேன். அவர் சிரித்தார்.

அந்தப் படத்தை மறந்துவிடாதீர்கள். அது இப்போது அக்கா வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

வா, இனியும் நின்றால் கடக்க ஏலாது என்று அவர் அவசரப்படுத்தினார். கமராவையும் லென்ஸையும் பிளாஷையும் பையில் போட்டுப் பொலித்தீனால் சுற்றினேன். பெண்வீட்டார் இரவு தங்கச் சொன்னார்கள். அக்காவும் பிள்ளையும் தனியாக இருப்பார்கள் என்று அத்தான் மறுத்துவிட்டார்.

பாலத்தடியில் தண்ணீர் ஏறியிருந்தது. அவர் வந்தபோது இடுப்பளவாம். இப்போது அதற்கு மேல். பாலமென்று சொல்கிறேனே தவிர அது வாய்க்காலுக்கு மேலாகப் போகும் தாழ்ந்த சீமெந்துப் பாதைதான். ஓரங்களில் நட்டிருந்த கற்களின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. அத்தான் தடியால் அடியைக் குத்திப் பார்த்தபடி முன்னே போனார். நான் பையைத் தலைக்கு மேலே இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி பின்னே போனேன்.

பாதி தாண்டியிருப்போம். தடி ஒரு இடத்தில் உள்ளே போய்விட்டது. வெள்ளம் பாதையை அரித்துக் கிடங்காக்கியிருந்தது. தடியைத் தொடர்ந்து அவருடைய நல்ல காலும் போனது. மடங்காத கால் மேலே நின்றுவிட்டது. தண்ணீர் அவரைத் திருப்பியது. இப்போது அவர் என்னைப் பார்த்தபடி இருந்தார். ஒரு கை ஓரத்துக் கல்லைப் பிடித்திருந்தது. மற்றக் கையை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, கையைத் தா."

பயந்த குரலில் சொல்லவில்லை. வரம்பில் ஏறும்போது கேட்பாரே, அதுபோலத்தான் கேட்டார். நான் தருவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை!

ஒரு கையை விட்டிருந்தால் பை சரிந்திருக்கும். தண்ணீரில் விழுந்திருக்கும். கமரா போயிருக்கும், கலியாணப் படங்கள் போயிருக்கும். இதெல்லாம் என் மனதில் ஓடியதா? ஓடியது. அதுதானே கொடுமை... நேரமே இல்லாத அந்த நேரத்தில் இத்தனையும் ஓடியது. அவருடைய கை என் நெஞ்சுக்கு நேரே நீண்டு இருந்தது. நான் சற்றுக் குனிந்திருந்தாலே எட்டும்.

"பொறுங்கோ அத்தான், பையை வைச்சிட்டு..."

சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பினேன். பையை வைக்க இடம் தேடினேன். எங்கே வைப்பது? சுற்றிவரத் தண்ணீர். பின்னால் இருந்த கல்லின் தலையில் வைக்கலாமா என்று பார்த்தேன். அது மிகச் சிறியது.

திரும்பியபோது கையும் இல்லை, அத்தானும் இல்லை. வெறும் கல் மட்டும் நின்றது.

அவர் கத்தியதாக எனக்கு ஞாபகமில்லை. ஒருவேளை கத்தியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததை இதுவரை எவருக்கும் சொன்னதில்லை. மற்றதையாவது பொய்யாக மாற்றிச் சொன்னேன். இதைப் பொய்யாகக்கூடச் சொன்னதில்லை.

கிடங்கைச் சுற்றி, கற்களில் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து மறுகரைக்கு ஏறினேன். பை தலைக்கு மேலேயே இருந்தது. மேட்டில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. அதன்மேல் அவருடைய மழைக்கோட்டு. பையை இருக்கையில் வைத்தேன். மழைக்கோட்டை எடுத்து அதை மூடினேன். ஓரங்களை அடியில் செருகினேன்.

அதன் பிறகுதான் கத்தினேன்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். பொய் சொல்லவேண்டும் என்று நான் யோசித்திருக்கவில்லை. வாயைத் திறந்தேன், அது வந்தது.

"கையைப் பிடிச்சனான்... வழுக்கிப் போச்சு."

ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். இன்னொருவர் தன் சட்டையைக் கழற்றி என் தலையைத் துவட்டினார். அப்போதே திருத்தியிருக்கலாம். அவர்களுடைய அன்பு என்னைச் சுற்றி இறுகிக்கொண்டே போனது. நான் அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த நாள் காலையில் வயல்வெளியின் முட்கம்பி வேலியொன்றில் அவரைக் கண்டெடுத்தார்கள். மழை விட்டிருந்தது. அந்த முகத்தை நான் இங்கே எழுத மாட்டேன்.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. வெளிநாட்டுத் தம்பியால் வரமுடியவில்லை. யார் கொள்ளி வைப்பது என்று பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். அக்காதான் முடிவாகச் சொன்னாள். கடைசியாக அவரைப் பிடித்தவன் தன் தம்பி, அவனே வைக்கட்டும் என்றாள். ஒருவரும் மறுக்கவில்லை. நான் வைத்தேன்.

ஏன் மறுக்கவில்லை என்று கேட்கிறீர்களா? மறுத்தால் காரணம் சொல்லவேண்டி வந்திருக்கும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று, சனம் எல்லாம் போன பிறகு, அக்கா குசினி வாசலில் இருந்தாள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். என் வலக்கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்து, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது.

"உன்ர கையைப் பிடிச்சபடிதானே போனவர். தனியப் போகேல்லைத்தானே, தம்பி."

"ஓம் அக்கா."

அந்த ஒரு சொல்லில்தான் அவள் பிழைத்திருக்கிறாள். இதைச் சொல்லித்தான் நான் இத்தனை காலமும் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன். உண்மையைச் சொன்னால் அவளிடமிருந்து அதையும் பறித்துவிடுவேன் என்று. அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று... அவளுக்காகவா? அவள் என் கையைத் தட்டிவிடும் அந்தக் கணத்திற்குப் பயந்துதான் மறைத்தேன். வேறெதற்கும் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு கலியாணப் படங்களைப் பார்த்தேன். ஒரு படமும் பழுதாகவில்லை. மழை மூட்டத்தின் வெளிச்சம் முகங்களில் மெல்லிய துணிபோலப் படிந்திருந்தது. நான் எடுத்த கலியாணங்களிலேயே அதுதான் ஆகத் திறம். சொல்ல வெட்கமாக இருக்கிறது... ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சி வந்தது.

பெண்வீட்டார் அல்பத்தை வாங்கிக்கொண்டு அழுதார்கள். அந்த வெள்ளத்திலும் தங்கள் படங்களைக் காப்பாற்றிய பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னார்கள். எனக்கு வேலை கூடியது. வேறொரு வீடு வாடகைக்கு எடுத்துத் தனியாகப் போனேன்.

கடைசிப் படம் படலையில் நின்று சிரித்த அத்தான். பின்னால் மழையும் தென்னைகளும் மங்கிக் கரைந்திருக்க, அவர் மட்டும் தெளிவாக நின்றார். நாடியில் தொங்கிய நீர்த்துளிகூடத் தெரிந்தது. அக்கா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலை சாத்தினாள். கமரா தப்பியபடியால்தான் இந்தப் படமாவது மிஞ்சியது என்று வருகிறவர்களிடம் சொல்வாள். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

இனிச் சின்னக் கமரா.

சில வருடங்களுக்குப் பிறகு, தண்ணீருக்குள்ளும் படமெடுக்கக்கூடிய கமரா ஒன்றை வாங்கினேன். புது மொடல். சவர்க்காரக் கட்டியைவிடச் சற்றுப் பெரியது. ஓரத்தில் செம்மஞ்சள் கோடு. பற்றரி போடும் மூடிக்கு ரப்பர் விளிம்பும் இரண்டு பூட்டும். நிலத்தில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நீந்தலாம்.

படம்? உண்மையைச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் பரவாயில்லை. மண்டபத்துக்குள் போனால் முகங்களில் அரிசிமா தூவினதுபோலப் புள்ளி விழும். பின்னணி கரையாது. மணப்பெண்ணும் பந்தல்காலும் ஒரே தெளிவில் நிற்பார்கள். கண்ணை வைத்துப் பார்க்கத் துவாரம் கிடையாது. பின்னால் உள்ள திரையைத்தான் பார்க்கவேண்டும், நடுப்பகல் வெயிலில் அதில் உங்கள் முகம்தான் தெரியும். பற்றரி பாதிக் கலியாணத்தில் படுத்துவிடும். அந்தச் சடக்கென்ற சத்தமும் இல்லை.

ஆனாலும் அதைத்தான் எல்லா இடத்திற்கும் கொண்டு போனேன். பெரிய கமராவை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இதென்ன, விளையாட்டுச் சாமானோடு வந்திருக்கிறீர்கள் என்று மண்டபத்தில் சிரித்தார்கள். வேலைகள் கைவிட்டுப் போயின. பாரம் குறைவு, தோள்வலி என்று காரணம் சொன்னேன்.

உண்மைக் காரணம் வேறு. அந்தச் சின்னக் கமரா எனக்கு ஒரு வாதத்தைத் தந்தது. அன்றைக்கு இது இருந்திருந்தால் என் கைகள் சும்மா இருந்திருக்கும். பையைத் தூக்கவேண்டி வந்திராது. கேட்டவுடன் கை கொடுத்திருப்பேன். ஆகவே பிழை என்னுடையதில்லை... தண்ணீர் தாங்காத அந்தக் கமராவுடையது!

எவ்வளவு வசதியான வாதம், பாருங்கள். சில வருடங்கள் அதற்குள் குடியிருந்தேன்.

கொக்கிளாயில்தான் அந்த வாதம் உடைந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் கடல்நீர்க் களப்பில் படகோடுவதைப் படமெடுக்கக் கேட்டிருந்தார்கள். போகும்போது படகுக்காரரிடம் என் கமராவின் பெருமையைச் சொல்லிக்கொண்டு போனேன். தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றேன். தண்ணீர் குறைந்த ஒரு இடத்தில் படகு மணலில் ஏறிவிட்டது. தள்ளவேண்டும் என்று அவர் இறங்கினார். நானும் மணல்திட்டு இல்லாத பக்கமாகக் குதித்தேன். அடி நான் நினைத்ததைவிட ஆழம். தண்ணீர் நெஞ்சுவரை ஏறியது.

"தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்டும் ஆகாதெண்டு சொன்னனீங்கள். பிறகேன் இப்பிடித் தூக்கிப் பிடிக்கிறியள்?"

படகுக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நான் அண்ணாந்து பார்த்தேன். என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருந்தன. நடுவில் அந்தச் சின்னக் கமரா.

தண்ணீருக்கென்றே செய்த கமரா! அதையும் தூக்கிப் பிடித்திருந்தேன்.

படகைத் தள்ள வரச்சொல்லி அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கைகளை இறக்காமல் நின்றேன். கமராவில் பிழையில்லை. எந்தக் கமரா இருந்தாலும் அன்றைக்கு நான் அப்படித்தான் நின்றிருப்பேன். முதலில் பொருளைப் பார்ப்பவன் நான். அது என் உடம்பில் இருக்கிறது. அதற்கு முன்பும் இருந்திருக்கும்... மற்றவர்களுக்கு அதைக் காட்டும் நாள் வராமல் போயிருக்கும், எனக்கு வந்துவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். கை கொடுத்திருந்தால் இருவருமே போயிருப்பீர்கள் என்பீர்கள். இருக்கலாம். அதை எத்தனையோ தடவை கணக்குப் பார்த்துவிட்டேன். ஆனால் அவரைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது என் கேள்வி அல்ல. அவர் கை நீட்டினார், நான் பையை வைக்க இடம் தேடினேன். அதை அவர் பார்த்தார். கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

போன மாதம் தர்சிகா வந்தாள்.

அத்தான் போனபோது அவள் சின்னப்பிள்ளை. இப்போது யாழ்ப்பாணத்தில் தங்கி ஊடகம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் நேரே என் வீட்டுக்கு வந்து, படிப்புக்கு ஒரு கமரா வேண்டும், பழசென்றாலும் பரவாயில்லை என்றாள். இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

"மாமா, இதில எது நல்லது?"

இரண்டு கமராக்களின் நல்லது கெட்டதைப் பற்றி உங்களுக்குச் சொன்னதை எல்லாம் அவளுக்கும் சொன்னேன். அவள் கெட்டிக்காரி. இரண்டிலும் யன்னலோரத்துச் செம்பரத்தம்பூவைப் படமெடுத்து, பெரிதாக்கி, மாறி மாறிப் பார்த்தாள். பெரிய கமராவின் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இத்தனை பழையது புதியதை வென்றுவிட்டதே என்றாள். தகப்பன் கழுத்தில் ஒருநாள் தொங்கிய கமரா என்பது அவளுக்குத் தெரியும். நாடாவை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். இதைத்தான் கொண்டு போவேன் என்றாள்.

கவனமாகப் பாவிக்கவேண்டும், ஈரம் பட்டால் செத்துப்போகும், சின்னதைப்போல நினைக்காதே என்று எச்சரித்தேன். என் வாயால்தான் வந்தது.

"அண்டைக்கு எப்பிடி மாமா நனையேல்லை?"

"தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சனான்."

"ஒரு கையாலயோ?"

அவள் துருவிக் கேட்கவில்லை. படிக்கிற பிள்ளை, விளக்கம் கேட்டாள். அவ்வளவுதான். எனக்கு அந்த நேரம் கிடைத்தது. அவள் முகத்தில் அத்தானின் நெற்றி. சொல்லியிருக்கலாம். என்னைச் சொல்லவைக்க இதைவிடச் சரியான ஆள் இந்த உலகத்தில் இல்லை.

"ஓம்," என்றேன்.

அவள் கமராவையும் லென்ஸையும் பிளாஷையும் பழைய பைக்குள் வைத்து மூடினாள். எழுந்து நின்றாள். பையை வலக்கையால் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள். பாரம் கையைப் பின்னுக்கு இழுத்தது. முழங்கை நடுங்கியது. மறுகை தானாக எழுந்து பையைத் தாங்கப் போனது. அதை அவள் பார்த்தாள். பாதியில் நிறுத்தினாள்.

பிறகு மெதுவாகப் பையை இறக்கி மேசையில் வைத்தாள்.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். என்னவென்று ஞாபகமில்லை. தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டிருப்பேன்.

"எனக்கு ரெண்டும் வேண்டாம், மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தெரு ஒழுங்கை முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டதா? உங்களைக் கேட்கிறேன்... என்ன நினைக்கிறீர்கள்? தகப்பனின் சாவு ஞாபகம் வந்து மனம் கலங்கியிருக்கலாம் அல்லவா? அல்லது பாரம் அதிகம் என்று வேண்டாம் என்றிருக்கலாம். நான் எல்லா விதமாகவும் நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றிலும் கால் தரிக்கவில்லை.

அக்காவிடமிருந்து அழைப்பு வரும் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். வரவில்லை. பயமாக இருந்தது. ஒருபுறம், சொல்ல நாக்கூசுகிறது, வந்தாலே நல்லது என்றும் இருந்தது. அவள் கேட்டால் நான் தொடங்கத் தேவையில்லை. ஆம் என்று சொன்னால் போதும். பார்த்தீர்களா, இதையும் மற்றவர் தலையில் போடவே பார்க்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அக்கா போன் எடுத்தாள். குரல் வழமைபோலவே இருந்தது. பசு கன்று போட்டதைச் சொன்னாள். மழை தொடங்கிவிட்டது, கூரையில் ஓர் ஓடு மாற்றவேண்டும் என்றாள். பிறகு, பிள்ளை கமரா வேண்டாம் என்கிறாள், நீ ஏதும் ஏசினாயோ என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"சரி. வாற கிழமை அவற்ற திவசம். ஐயருக்குச் சொல்லியாச்சு. நீதானே செய்யவேணும், வெள்ளனவே வந்திடு."

தர்சிகா வீட்டில் இருப்பாளா என்று கேட்டேன். அவள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போயிருப்பாள் என்று ஒரு நப்பாசை.

"நிக்கிறாள். உன்னைக் கட்டாயம் வரச்சொல்லிச் சொன்னவள்."

போனைக் காதில் வைத்தபடி நின்றேன். வெளியே மழை பெலத்துக்கொண்டிருந்தது. என்னடா, கேட்குதோ என்றாள் அக்கா.

"ஓம் அக்கா," என்றேன். "வாறன்."